மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது: ஒரே கேள்விக்கு எத்தனை பதில்?

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் ஒரு மே மாத மத்தியானம் பானைத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு, "மாமா, இதுக்குள்ள யாரு ஐஸ் போட்டா?" என்று கேட்டாள். நான் ஏதோ வேலையில் இருந்தேன். "யாரும் போடலம்மா, மண்ணுக்கே குளிர்ச்சி, அதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். மாலையில் அழுதுகொண்டே வந்து நின்றாள். மாடிப்படியில் கிடந்த காலிப் பானை ஒன்றுக்குள் சாக்லேட்டை வைத்து மூடியிருக்கிறாள், மண் குளிர்ச்சி ஆயிற்றே, கெட்டியாக இருக்கும் என்று. அது உருகிப் பானையோடு ஒட்டிப்போயிருந்தது.

யோசித்துப் பார்த்தால் அவள் செய்தது அசல் விஞ்ஞான வேலை. நான் ஒரு கோட்பாடு சொன்னேன். அது உண்மையென்றால் காலிப் பானையும் குளிர வேண்டும் என்று அவளே கணித்து, சோதித்தும் பார்த்துவிட்டாள். கோட்பாடு தோற்றது. நான் எட்டாம் வகுப்பிலிருந்து பி.எஸ்சி. வரை இயற்பியல் டியூஷன் எடுக்கிறவன், பானை எப்படிக் குளிர்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும், ஆனாலும் சின்னப் பிள்ளைதானே என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சின்னப் பதில் சொன்னது தப்பில்லை. தப்பான பதில் சொன்னதுதான் தப்பு.

ஒரே அறிவியல் விஷயத்தைச் சின்னப் பிள்ளைக்கு ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புக்கு ஒரு மாதிரி, கல்லூரிக்கு ஒரு மாதிரி சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்பதில்தான் நாம் சறுக்குகிறோம். 1960-ல் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் இதைப் பற்றி ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தார். எந்தப் பாடத்தையும் எந்த வயதுக் குழந்தைக்கும், அறிவுக்கு நேர்மையான ஏதோ ஒரு வடிவத்தில் சொல்லிக்கொடுத்துவிட முடியும் என்றார். அதே விஷயத்துக்குப் பல வருடங்களில் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி. சுருள் பாடத்திட்டம் என்று அதற்குப் பெயர். இதில் பலரும் சுருளைப் பிடித்துக்கொள்கிறார்கள், 'நேர்மையான' என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். ஒரு பதில் நேர்மையானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது: அடுத்த வகுப்பு ஆசிரியர் இதன்மேல் கட்டலாமா, இல்லை இடித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமா? "மண்ணுக்கே குளிர்ச்சி" என்பதை இடித்தே ஆக வேண்டும். இடிக்காவிட்டால் அந்தப் பிள்ளை கல்லூரி வரை அதைத் தூக்கிக்கொண்டு போகும். போகிறது, நானே பார்த்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

சரி, பானைக்கு வருவோம். கீழிருந்து மேலே போகலாம்.

சின்னப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது? தோல் இருக்கிறது. அதைவிட நல்ல கருவி அந்த வயதில் வேறில்லை. ஒரு முழங்கையை நனைக்கச் சொல்லுங்கள், இன்னொன்று காய்ந்தபடி இருக்கட்டும், இரண்டிலும் வாயால் ஊதச் சொல்லுங்கள். எது சில்லென்று இருக்கிறது என்று பிள்ளையே சொல்லும். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் எங்கே போனது என்று கேளுங்கள். சிலர் "காத்துல போயிடுச்சு" என்பார்கள், சிலர் "கைக்குள்ள போயிடுச்சு" என்பார்கள். இரண்டாவது பதிலைக் கேட்டு அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம், அதுவும் யோசித்துச் சொன்னதுதான். ஒரு எவர்சில்வர் தட்டில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் தெளித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். தட்டுக்குள் தண்ணீர் இறங்க முடியாது என்று பிள்ளைக்கே தெரியும், ஆனாலும் சொட்டுகள் காணாமல் போகும். அப்புறம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: தண்ணீர் காற்றில் கலந்து போகும்போது, தான் இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

அதற்குப் பிறகு பானையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமாக இருக்கும். எவர்சில்வர் குடத்தை அதன் பக்கத்தில் வைத்துத் தொடச் சொன்னால் காய்ந்திருக்கும். "பானைக்கு வேர்க்குது மாமா" என்று என் அக்கா மகள் சொன்னாள், நான் சொல்லிக்கொடுக்காமலேயே. பானையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன, அது வழியே தண்ணீர் கசிந்து வெளியே வந்து காற்றோடு போய்விடுகிறது. அவ்வளவுதான் அந்த வயதுக்கு. இதில் மூலக்கூறு இல்லை, ஆற்றல் இல்லை, ஒரு எண்கூட இல்லை. ஆனால் எதுவும் பொய்யும் இல்லை. கல்லூரி வரை போனாலும் இந்த வாக்கியத்தை யாரும் வாபஸ் வாங்க வேண்டியதில்லை.

இங்கேயே மூலக்கூறையும் சொல்லிவிட்டால் என்ன என்று சில பெற்றோர் கேட்பார்கள். சொல்லலாம், பிள்ளை ஒப்பிக்கவும் செய்யும். ஆனால் பாருங்கள், அகலமான டம்ளரிலிருந்து ஒல்லியான உயரமான டம்ளருக்குத் தண்ணீரை ஊற்றினால், ஐந்து வயதுப் பிள்ளைகள் பலரும் "இப்ப தண்ணி அதிகமாயிடுச்சு" என்பார்கள். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜீன் பியாஜே செய்து காட்டிய பிரபலமான சோதனை இது, உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். கண்முன்னால் இருக்கும் தண்ணீரின் அளவே இன்னும் மனதில் நிலைத்து நிற்காத வயதில், கண்ணுக்கே தெரியாத கோடிக்கணக்கான துகள்களைப் பற்றிப் பேசி என்ன பயன்? சொல் மட்டும் தங்கும், பொருள் தங்காது.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு வந்தால் கதை மாறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வயது இதுதான், ஏனென்றால் இவர்களை ஆச்சரியப்படுத்தலாம். ஆய்வுக்கூட வெப்பமானி ஒன்று வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டை ஒட்டிய ஒரு சின்ன இடைவெளியை மட்டும்தான் காட்டும். பாதரசம் வைத்த பழையதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது, சிவப்பு ஆல்கஹால் நிரப்பிய மலிவான வெப்பமானியே போதும். அதை மின்விசிறிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "விசிறியைப் போட்டா வெப்பநிலை குறையுமா, கூடுமா, அப்படியே இருக்குமா?" என்று கேளுங்கள். கையைத் தூக்கச் சொன்னால் பெரும்பாலும் எல்லாக் கையும் 'குறையும்' பக்கம்தான் போகும். விசிறியைப் போடுங்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் வெப்பமானி அசையாது. வகுப்பில் ஒரு சின்னச் சலசலப்பு வரும், "சார், இது ரிப்பேர் சார்" என்று ஒருவன் கட்டாயம் சொல்வான்.

இப்போது வெப்பமானியின் குமிழைச் சுற்றி ஈரப் பஞ்சோ பழைய பனியன் துணியோ கட்டுங்கள். துணியை நனைக்கும் தண்ணீர் அறையிலேயே ரொம்ப நேரம் இருந்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் "நீங்க ஜில் தண்ணி ஊத்தினீங்க" என்று சண்டைக்கு வருவார்கள், வரவும் வேண்டும். அதே விசிறி, அதே காற்று. சிவப்புக் கோடு கண்முன்னால் இறங்கும். எங்கள் வகுப்பில் கடைசியாகச் செய்தபோது 31 டிகிரியிலிருந்து 25-க்கு வந்தது. மழை நாளில் செய்தால் இவ்வளவு இறங்காது, அது ஏன் என்பதை இப்போதைக்கு ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், மேலே தேவைப்படும்.

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, ஈரத்தைச் சீக்கிரம் துரத்துகிறது என்பது புரிந்ததும்தான் துகள்களைக் கொண்டுவர வேண்டும். தண்ணீரில் எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பக்கத்தில் இருப்பவை ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன. மேற்பரப்புக்கு அருகில் இருப்பவற்றில் ரொம்ப வேகமாக வருவது மட்டும் பிடியை உதறிவிட்டு வெளியே போய்விடும். கபடியில் பாடிப்போனவனை நாலு பேர் பிடித்துக்கொள்ள, பலமும் வேகமும் உள்ளவன் மட்டும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடுகிற மாதிரி. வேகமானவை போய்விட்டால் மிச்சம் இருப்பவற்றின் சராசரி வேகம் குறைகிறது. வெப்பநிலை என்பது அந்தச் சராசரியைச் சார்ந்தது, அதனால் தண்ணீர் குளிர்கிறது. உவமை சொன்ன கையோடு அது எங்கே உடைகிறது என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. கபடி வீரனுக்குக் கோட்டைத் தொட வேண்டும் என்று ஆசை இருக்கிறது, மூலக்கூறுக்கு ஆசையும் இல்லை, கோடும் தெரியாது. "தண்ணி வெளியே போகணும்னு நினைக்குது" என்று விடைத்தாளில் எழுதும் பிள்ளைகள் உவமையை அப்படியே விழுங்கியவர்கள்.

இந்த வயதில் இன்னொரு குழி இருக்கிறது. தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் 100 டிகிரி வேண்டும் என்ற எண்ணம். கொதிப்பதையும் ஆவியாவதையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்வார்கள். கொடியில் காயும் துணியைக் காட்டி, "அங்க 100 டிகிரி இருக்கா?" என்று கேட்டால் சிரிப்பார்கள், அதுவே பாதி வேலை. கொதிக்கும் தண்ணீரில் எழும்பும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். காற்று என்பார்கள், சிலர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் என்பார்கள். 1980-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் ஆஸ்பர்ன், காஸ்குரோவ் என்ற இருவர் பள்ளிப் பிள்ளைகளிடம் கெட்டில் தண்ணீரை வைத்து இதே கேள்வியைக் கேட்டபோதும் இந்த மாதிரி பதில்கள்தான் வந்தன. இதில் சுவாரசியம் என்னவென்றால், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்று சொல்கிற பிள்ளை ஒன்றும் தெரியாத பிள்ளை இல்லை. தண்ணீர் என்றால் எச்2ஓ என்று யாரோ சீக்கிரமாகச் சொல்லிக்கொடுத்த பிள்ளை. குமிழிக்குள் இருப்பது தண்ணீர்தான், வாயு வடிவத்தில்.

ஒன்பது, பத்தில் எண்கள் வர வேண்டும். எண் வந்தால்தான் "கொஞ்சம் சூடு" என்பது எவ்வளவு என்று தெரியும். தண்ணீர் ஆவியாவதற்கு எடுத்துக்கொள்ளும் இந்த வெப்பத்தைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் உள்ளுறை வெப்பம் என்கின்றன, இலங்கையில் மறைவெப்பம் என்கிறார்கள். என் ஓட்டு இலங்கைக்குத்தான். வெப்பம் உள்ளே போகிறது, ஆனால் வெப்பமானியில் தெரிவதில்லை, எங்கேயோ மறைந்துவிடுகிறது என்று சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது. ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1760-களின் தொடக்கத்தில் இதைக் கண்டபோதும் அவரை யோசிக்க வைத்தது அதுதான்: அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, கொதிக்கும் தண்ணீரின் வெப்பநிலை மட்டும் ஏறவே இல்லை, அவ்வளவு வெப்பமும் எங்கே போகிறது?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பானையில் 10 லிட்டர், அதாவது 10 கிலோ தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி குறைக்க 4.18 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும், ஆக 10 கிலோவுக்கு 41.8 கிலோஜூல். 34 டிகிரியிலிருந்து 26-க்குக் கொண்டுவர 8 டிகிரி, மொத்தம் சுமார் 334 கிலோஜூல். 30 டிகிரியை ஒட்டி ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகக் கிட்டத்தட்ட 2430 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். வகுத்தால் ஏறக்குறைய 140 கிராம் வருகிறது. 10 லிட்டர் பானையை 8 டிகிரி குளிர்விக்க ஒரு டம்ளர் தண்ணீர் கூட முழுதாகச் செலவாகவில்லை! பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள், திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். உண்மையில் வெளிக்காற்றிலிருந்து வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் இதைவிட அதிகமாகத்தான் ஆவியாக வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எடை போடும் இயந்திரம் இருந்தால் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பானையை எடை போட்டுப் பார்க்கலாம், நடுவில் யாரும் மொண்டு குடிக்காமல் இருந்தால்.

பாடப்புத்தகத்தில் 2260 என்றல்லவா இருக்கிறது என்று ஒரு பெண் ஒரு முறை கேட்டாள். நல்ல கேள்வி. 2260 என்பது 100 டிகிரியில். குறைந்த வெப்பநிலையில் மூலக்கூறுகளின் பிடியை உதற இன்னும் கொஞ்சம் அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. பத்தாம் வகுப்பில் 2260-ஐ வைத்தே கணக்குப் போட்டாலும் குடி முழுகிவிடாது, ஆனால் கேட்கிற பிள்ளையிடம் "அதெல்லாம் உனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லக் கூடாது.

இதே வகுப்பில் நான் வைக்கும் பொறி ஒன்று உண்டு. ஒரு கையில் தண்ணீர், இன்னொரு கையில் சானிடைசர். எது அதிகமாகச் சில்லென்று இருக்கிறது? சானிடைசர்தான். அப்படியென்றால் ஆல்கஹாலின் உள்ளுறை வெப்பம் தண்ணீரைவிட அதிகமா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். இல்லை, பாதிக்கும் குறைவு. கிராமுக்குக் கிராம் பார்த்தால் தண்ணீர்தான் அதிக வெப்பத்தை எடுக்கிறது. ஆனால் ஆல்கஹால் படுவேகமாக ஆவியாகிறது, அதனால் ஒரே நொடிக்குள் அது எடுக்கும் வெப்பம் கூடிவிடுகிறது. மொத்த அளவு வேறு, வேகம் வேறு என்று இந்த ஒரு கை சானிடைசர் கற்றுக்கொடுக்கும். ஆல்கஹாலைவிட வேகமாக ஆவியாகும் திரவம் ஈதர். 1758-ல் பெஞ்சமின் பிராங்க்ளினும் ஜான் ஹாட்லியும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு வெப்பமானிக் குமிழைத் திரும்பத் திரும்ப ஈதரில் நனைத்துத் துருத்தியால் ஊதினார்கள். அறை சுமார் 18 டிகிரி செல்சியஸ். வெப்பமானி கழித்தல் 14 வரை இறங்கிக் குமிழ்மேல் பனிக்கட்டி படிந்தது. எட்டாம் வகுப்பு ஈரத் துணிச் சோதனையேதான், திரவம் மட்டும் மாறியிருக்கிறது. ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும், இதை வீட்டில் முயல வேண்டாம், கதையாகக் கேட்டுக்கொண்டால் போதும்.

பிளஸ் டூ வந்தவர்களுக்கு மறுபடி அதே கபடி. ஆனால் இந்த முறை அவர்களே ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். "வெளியே போனவை வேகமானவை என்றால், வெளியே வரும் ஆவி தண்ணீரைவிடச் சூடாகத்தானே இருக்க வேண்டும்?" இதைக் கேட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும்.

விடை இதுதான். வேகமானவைதான் போகின்றன, உண்மை. ஆனால் பிடியை உதறும் அந்த முயற்சியிலேயே அந்த உபரி வேகத்தைச் செலவழித்துவிடுகின்றன. பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது, அதை முறிக்கக் கூலி கொடுத்தாக வேண்டும். கையில் நிறையப் பணம் வைத்திருப்பவன்தான் உள்ளே போக முடியும் என்ற வாசலில், டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனவன் கையில் மற்றவர்களிடம் இருக்கும் அளவுதான் மிஞ்சுகிறது. எவ்வளவு பெரிய டிக்கெட் என்று பார்க்கலாம். 30 டிகிரியில் ஒரு மோல் தண்ணீர், அதாவது சுமார் 18 கிராம், ஆவியாகச் சுமார் 44 கிலோஜூல். அதே வெப்பநிலையில் மூலக்கூறுகளின் சராசரி இடப்பெயர்ச்சி இயக்க ஆற்றல் ஒரு மோலுக்கு 3.8 கிலோஜூல்தான். சராசரியைப்போல் 11, 12 மடங்கு தேவைப்படுகிறது. அதனால்தான் எல்லாத் தண்ணீரும் ஒரே நொடியில் பறந்துவிடாமல், வேகப் பரவலின் (எந்த வேகத்தில் எத்தனை மூலக்கூறு ஓடுகிறது என்ற வரைபடத்தின்) கடைசி வாலில் இருக்கும் கொஞ்சம் பேர் மட்டும் தப்பிக்கிறார்கள். 1860-ல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கொடுத்த அந்தப் பரவல் வரைபடத்தை வாயுக்களுக்கான பாடத்தில் படித்துவிட்டுத் தேர்வோடு மறந்துவிடுகிறார்கள், பானையின் வெளிச்சுவரில் அது தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

வால் காலியாகிவிட்டால் ஆவியாதல் நின்றுவிடாதா என்று அடுத்த கேள்வி வரும், வர வேண்டும். மிச்சம் இருப்பவை மோதிக்கொண்டே இருப்பதால் வால் மறுபடி நிரம்புகிறது, குறைந்த சராசரியோடு. வெளிக்காற்றும் பானையும் வெப்பத்தை உள்ளே கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. இங்கேதான் கல்லூரிக்கான கதவு.

பி.எஸ்சி. மாணவர்களிடம் நான் கேட்பது வேறு: பானை எவ்வளவு வரை குளிரும்? ராத்திரி முழுக்க ஆவியானால் பனிக்கட்டி ஆகிவிடாதா? ஆகாது. தண்ணீர் குளிரக் குளிர இரண்டு விஷயம் நடக்கிறது. வெளியே ஆவியாகும் வேகம் குறைகிறது, வெளிக்காற்றிலிருந்து உள்ளே வரும் வெப்பம் கூடுகிறது. ஒரு இடத்தில் வரவும் செலவும் சமமாகிறது, அங்கே நின்றுவிடும். நல்ல காற்றோட்டத்தில் ஈரத் துணி சுற்றிய வெப்பமானி எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை, ஈரக்குமிழ் வெப்பநிலை. எட்டாம் வகுப்பில் பனியன் துணி கட்டிப் பார்த்தோமே, அந்த 25 டிகிரி இதுதான். பானை பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுகொள்ளும்.

ஓரமாக வைத்த மழை நாள் கேள்விக்கும் இப்போது விடை. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைய இருந்தால், வெளியே போகிற மூலக்கூறுகளுக்கு ஈடாக உள்ளே திரும்பி வருபவையும் அதிகம். நிகர இழப்பு குறைவு, குளிர்ச்சியும் குறைவு. எண்ணில் சொன்னால், வெயில் 38 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதம் இருக்கும் உள்மாவட்ட மத்தியானத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24. கடலோரத்தில் 35 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அது கிட்டத்தட்ட 30. வெயில் குறைவான ஊரில்தான் பானைத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது! தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர்கூலர் சென்னையில் வாங்கியவர்கள் படும் எரிச்சலுக்கும் இதுதான் காரணம். மனித உடம்பும் ஒரு பானைதான். ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டுவிட்டால், வியர்த்துக் கொட்டினாலும் உடம்பால் வெப்பத்தை வெளியே தள்ள முடியாது. வெப்ப அலைச் செய்திகளில் ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்வது இதனால்தான்.

என்ட்ரோபி, அதாவது துகள்கள் எத்தனை வழிகளில் அமையலாம் என்பதன் அளவு, படித்தவர்களுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆற்றலைச் செலவழித்து மேலேறுவது ஒரு பொருளுக்கு இயல்பு இல்லையே, தண்ணீர் தானாக ஏன் ஆவியாகிறது? கட்டுக்குள் இருந்தவை காற்றில் பரவும்போது அமையக்கூடிய வழிகள் எக்கச்சக்கமாகப் பெருகுகின்றன, அந்த லாபம் ஆற்றல் நஷ்டத்தைத் தாண்டும் வரை ஆவியாதல் நடக்கிறது, காற்று நீராவியால் நிறைந்ததும் லாபமும் நஷ்டமும் சமமாகிவிடுகிறது. இந்த லாப நஷ்டத்தை ஒன்றாகக் கணக்குப் பார்க்கும் கிப்ஸ் ஆற்றலை வைத்து இதை நாலு வரியில் எழுதலாம், இங்கே வேண்டாம்.

முன்னால் சொன்னேனே, தப்பான பதிலைக் கல்லூரி வரை தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று. வெப்பநிலை ஏற ஏற ஆவியின் அழுத்தம் எப்படி மாறும் என்று சொல்லும் கிளாசியஸ் கிளாப்பிரான் சமன்பாட்டைத் தடங்கலில்லாமல் தருவித்துக் காட்டிய ஒரு மாணவனிடம், ஆள் இல்லாத அறையில் மின்விசிறியை ஓடவிட்டால் அறை குளிருமா என்று கேட்டேன். "குளிரும் சார்" என்றான். பானை ஏன் குளிர்கிறது என்றேன். "மண் வெப்பத்தைக் கடத்தாது சார், அதனால உள்ள குளிர்ச்சியா இருக்கும்." என் "மண்ணுக்கே குளிர்ச்சி" பதிலுக்குக் கோட்டு சூட்டு போட்ட மாதிரி இருந்தது. அவனிடம் மேலே உள்ள எல்லாப் படிகளும் இருந்தன, கீழ்ப்படி இல்லை. அவனை உட்காரவைத்து முழங்கையை நனைத்து ஊதச் சொன்னேன். இருபது வயதுப் பையன், கொஞ்சம் கூச்சப்பட்டான், அப்புறம் ஊதினான்.

அதிலிருந்து நான் வயதைப் பார்த்து நிலையைத் தீர்மானிப்பதில்லை. ஒரு புதிய நிலைமையைக் கொடுத்து, என்ன நடக்கும் என்று கணிக்கச் சொல்வேன். நான் வழக்கமாகக் கேட்பது: பானையின் வெளிப்பக்கம் முழுக்கப் பளபளவென்று எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டால் தண்ணீர் குளிருமா? பெயிண்ட் அடித்த பானைகள் இப்போது நிறைய விற்கின்றன, அதனால் இது வலிந்து உருவாக்கிய கேள்வியும் இல்லை. மண்ணுக்குக் குணம் உண்டு என்று நினைப்பவன் குளிரும் என்பான். துளைகள் அடைபட்டால் கசியாது என்று தெரிந்த பிள்ளை குளிராது என்று சொல்லும். பத்தாம் வகுப்பு, வாய் வழியாக மட்டும் கொஞ்சம் ஆவியாகும், பரப்பு குறைவு, அதனால் கொஞ்சமாகக் குளிரும் என்று சொல்ல வேண்டும். பி.எஸ்சி. என்றால் மூடி இருக்கிறதா, காற்று எப்படி என்று திருப்பிக் கேட்பான். பள்ளிக்கூடமே போகாத, பானை விற்கும் பாட்டியிடம் கேட்டால், "பெயிண்டு அழகுக்குத்தான் சாமி, தண்ணிக்கு வேணும்னா சும்மா இருக்கறத எடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பானைக்கடியில் ஆற்று மணலைப் பரப்பி அதை நனைத்து வைக்கச் சொன்னவர்களும் இந்தப் பாட்டிகள்தான். நைஜீரியாவில் மொகமது பா அப்பா என்ற ஆசிரியர் பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் ஈர மணலை நிரப்பிக் காய்கறி கெடாமல் வைக்கும் பெட்டியாக ஊர் ஊராகப் பரப்பினார், 2000-ல் ரோலக்ஸ் விருதும் வாங்கினார். வறண்ட காற்று உள்ள பகுதி அது, அதனால் நன்றாகவே வேலை செய்தது.

இந்த இரண்டு பானை விஷயத்தை அக்கா மகளிடம் சொன்னது என் தப்புதான். போன கோடையில் பெரிய பானை, சின்னப் பானை, மொட்டை மாடிக்கு வாங்கி வைத்திருந்த மணல் எல்லாம் காணாமல் போய், மாடிப்படி நிழலில் ஒரு ஏற்பாடு நடந்திருந்தது. மணலை நனைத்து, மேலே ஈரச் சாக்குப் போட்டு, காற்று வரும் பக்கமாக வைத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாலையில் திறந்து பார்த்தோம். சாக்லேட் உருகவில்லை. எறும்பைப் பற்றித்தான் இரண்டு பேருமே யோசித்திருக்கவில்லை.